எண்ணிப் பார்த்தீர்களா?

(வணிகவியல் மாணவர்களும் உள்ளூர் வணிகர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பணியிடத்தில் அறம்’. அழைப்பிதழைப் பார்த்ததும் கொஞ்சம் பயந்துபோனேன். இந்தத் தலைப்போடு மேடையேறுகிறவர் முதலில் திருக்குறளுக்குப் போவார், அங்கிருந்து அரிச்சந்திரனிடம் வருவார், நேரமிருந்தால் காந்தியடிகளையும் தொட்டுவிட்டு உட்காருவார். நாமும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். மறுநாள் காலை பத்தரை மணிக்கு மேலதிகாரி ஒரு தாளை நீட்டி, “இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க” என்பார். அந்த நேரத்தில் அரிச்சந்திரன் நமக்கு உதவ மாட்டான். பாவம், அவனுக்குச் சுடுகாட்டில்தான் வேலை கிடைத்தது. அவன் முன்னால் யாரும் பேலன்ஸ் ஷீட்டை நீட்டவில்லை.

ஆகவே அறம் என்ற பெரிய சொல்லை ஓரமாக வைத்துவிட்டு, கையெழுத்து என்ற சின்னச் சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன். வங்கியில் முப்பத்தாறு வருடம் நான் செய்த வேலையைச் சுருக்கிச் சொன்னால், கையெழுத்துப் போட்டதுதான்.

எண்பதுகளின் தொடக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிறிய கிளை. வங்கிப் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள் என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஒன்று ஹெட் கேஷியரிடம், மற்றொன்று அதிகாரியிடம். ஒருவரே திறக்க முடியாது. சாயந்தரம் கணக்கு முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து பணத்தை எண்ண வேண்டும், கேஷ் பேலன்ஸ் புத்தகத்தில் எழுத வேண்டும், இருவரும் கையெழுத்திட வேண்டும், பிறகு பூட்ட வேண்டும். விதி அவ்வளவுதான். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. ஹெட் கேஷியர் ஐம்பதைத் தாண்டியவர். நெற்றியில் திருநீறு, மேசையில் ஈர ஸ்பாஞ்சு, குரலில் எப்போதும் ஒரே சுருதி. தினமும் சாயந்தரம் ஒரே வசனம்தான் சொல்வார்: “சார், எண்ணிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

நானும் தினமும் ஒரே பதிலைத்தான் சொல்வேன்: “நீங்க எண்ணினதுக்கு மேல நான் என்ன சார் எண்றது?”

அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி மரியாதைதான். மீதிப் பாதி ஆறு பத்து பஸ்.

ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் இன்ஸ்பெக்ஷன் வந்தது. பெட்டகத்தைத் திறந்து எண்ணினார்கள். நூறு ரூபாய்க் கட்டு ஒன்று குறைந்தது. பத்தாயிரம் ரூபாய். அன்றைக்கு அது என்னுடைய ஆறு மாதச் சம்பளத்துக்கு மேல். வந்த அதிகாரி கேஷியரிடம் எதுவும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: “நேத்து நீங்க எண்ணும்போது இந்தக் கட்டு இருந்ததா?”

புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்து இருக்கிறது. நேற்றைக்கும் இருக்கிறது, முந்தாநாளைக்கும் இருக்கிறது. இருந்தது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

முதல் நாள் மாலை நான் உண்மையாகவே எண்ணியிருந்தால், தேட வேண்டியது ஒரே ஒரு நாளின் வவுச்சர்கள். எண்ணாததால் ஒன்றரை வருடக் கணக்கையும் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்தும் அந்தக் கட்டு எங்கே போனது என்று கடைசிவரை தெரியவில்லை. அவர் எடுக்கவில்லை என்று அன்றைக்கும் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அவருக்குத் தேவைப்பட்டது ஒரு சாட்சி. அந்தச் சாட்சியாக இருப்பதற்குத்தான் வங்கி எனக்குச் சம்பளம் கொடுத்தது. பணத்தை இரண்டு பேருமாகக் கட்டினோம். பாதிக்கு அவர் பி.எஃப். கடன் போட்டார், பாதிக்கு என் மனைவியின் சங்கிலி போனது. இருவருக்கும் மெமோ.

பார்க்காமல் போடும் கையெழுத்து திருடனுக்கு உதவும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை அது முதலில் யோக்கியனைத்தான் அடிக்கிறது. திருடனுக்காவது தப்பிக்க வழி தெரியும்.

இந்தப் பத்தாயிரத்திலிருந்து நேராக ஐயாயிரம் கோடிக்குப் போகலாம்.

2009 ஜனவரி 7. ஹைதராபாத். சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். நகல் செபிக்கும் பங்குச் சந்தைகளுக்கும் போனது. நாட்டின் நான்காவது பெரிய மென்பொருள் நிறுவனம், ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடம், நியூயார்க் பங்குச் சந்தையிலும் பெயர் பதித்தது. முந்தைய வருடம்தான் நல்ல நிறுவன நிர்வாகத்துக்கென்று கோல்டன் பீகாக் விருதும் வாங்கியிருந்தது. கடிதத்தில் இருந்தது இதுதான்: 2008 செப்டம்பர் 30 அன்று கணக்குப்படி ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய், அதில் 5,040 கோடி இல்லாத பணம். வராத வட்டி 376 கோடி. அந்தக் காலாண்டின் வருமானம் 2,700 கோடி என்று அறிவித்தார்களே, உண்மையில் 2,112 கோடி. செயல்பாட்டு லாபம் 649 கோடி என்றார்கள், உண்மையில் 61 கோடி. அன்று ஒரே நாளில் அந்தப் பங்கு தன் மதிப்பில் முக்கால் பங்குக்கு மேல் இழந்தது.

அதற்கு மூன்று வாரம் முன்னால், டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தாரின் மேட்டாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க அதே இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்திருந்தது. முதலீட்டாளர்கள் கூச்சல் போட்டதால் சில மணி நேரத்திலேயே அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. இல்லாத பணத்தின் இடத்தில் இருக்கும் சொத்தை வைத்து ஓட்டையை அடைக்கச் செய்த கடைசி முயற்சி அது என்று பிறகு அவரே எழுதினார். சத்யம் என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பின்னாலிருந்து படித்தால் மேட்டாஸ். நான் ஒரு நாவல் எழுதி அதில் இப்படிப் பெயர் வைத்திருந்தால், ‘ரொம்பச் செயற்கை சார்’ என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

நான் வங்கிக்காரன். என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒரே ஒரு வரிதான்: வங்கியில் இல்லாத பணம். கடைக்காரர்களுக்குத் தெரியும், சரக்கு இருப்பின் மதிப்பில் கருத்து வேறுபாடு வரலாம். வர வேண்டிய பாக்கி வருமா வராதா என்பதிலும் இரண்டு அபிப்பிராயம் இருக்கலாம். வங்கி இருப்பில் அபிப்பிராயத்துக்கு இடமே இல்லை. அது அந்தக் கிளையில் இருக்கிறது, அல்லது இல்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

கேட்பதற்கு ஒரு முறையும் இருக்கிறது. மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், தேர்விலும் வரும். தணிக்கையாளர் வங்கிக்குக் கடிதம் எழுதுவார்: ‘இன்ன நிறுவனத்துக்கு இன்ன தேதியில் உங்களிடம் எவ்வளவு இருப்பு?’ கடிதத்தில் நிறுவனத்தின் ஒப்புதல் இருக்கும். ஆனால் உறையைத் தபாலில் சேர்க்க வேண்டியவர் தணிக்கையாளர். பதில் வர வேண்டிய முகவரியும் தணிக்கையாளருடையது. நடுவில் அந்த நிறுவனத்தின் கை படக் கூடாது. அன்றைய கணக்கில் ஐந்து ரூபாய்த் தபால்தலை.

சத்யத்தின் தணிக்கையைச் செய்தது பிரைஸ் வாட்டர்ஹவுஸ் குடும்பத்தைச் சேர்ந்த இந்திய நிறுவனம். சத்யம் நியூயார்க்கிலும் பட்டியலிடப்பட்டிருந்ததால் அமெரிக்காவின் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையமும் விசாரித்தது. 2011 ஏப்ரலில் அது பிறப்பித்த உத்தரவு இந்த ஐந்து ரூபாய் விஷயத்தில்தான் கை வைக்கிறது. வங்கிகளுக்குக் கடிதம் அனுப்பும் பொறுப்பைத் தணிக்கைக் குழு சத்யத்தின் நிர்வாகத்திடமே விட்டுவிட்டது. இந்தப் பழக்கம் சத்யம் கணக்கோடு நிற்கவில்லை என்றும் அந்த உத்தரவு சொல்லிற்று. ஆணையம் விதித்த அபராதம் 60 லட்சம் டாலர், அந்நாட்டுத் தணிக்கை மேற்பார்வை வாரியம் விதித்தது 15 லட்சம் டாலர்.

பாண்டியன் நெடுஞ்செழியனை நினைத்துக்கொள்ளுங்கள். திருக்குறளுக்குப் போக மாட்டேன் என்றுதான் சொன்னேன், சிலப்பதிகாரத்தைப் பற்றி வாக்குக் கொடுக்கவில்லை. அரசியின் சிலம்பு காணாமல் போகிறது. கள்வனைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று வந்து சொல்பவன் பொற்கொல்லன். அந்தச் சிலம்பை எடுத்தவனே அவன்தான். ஆதாரத்தைக் கொண்டுவந்து கொடுப்பவனே குற்றவாளி. நிறுவனமே தன் இருப்புக்குச் சான்று வாங்கித் தருவதுபோல. அரசன் அந்த நேரம் ஊடிப்போன அரசியைச் சமாதானப்படுத்த அந்தப்புரம் போய்க்கொண்டிருக்கிறான். அதுதான் அவனுடைய ஆறு பத்து பஸ். நின்றவாக்கில் உத்தரவு போட்டான். காவலர்களுக்கே சந்தேகம், ஆளைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லை என்கிறார்கள். பொற்கொல்லன் பேசிப் பேசி அவர்களைக் கரைத்துவிடுகிறான். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்த்தால் ஒரு நொடி வேலை. உடைத்தார்கள், ஆனால் கோவலன் செத்த பிறகு உடைத்தார்கள்.

பாண்டியனைக் கொடுங்கோலன் என்று அந்தக் காப்பியம் காட்டவில்லை. அவசரத்தில் இருந்த நல்ல அரசன், அவ்வளவுதான். அதனால்தான் அந்தக் கதை எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சத்யத்துக்குத் திரும்புவோம். ஒரு தலைவரும் அவருடைய சகோதரர்களும் மட்டும் உட்கார்ந்து இவ்வளவையும் செய்துவிட முடியாது. போலி விலைப்பட்டியல்கள் மட்டும் 7,000-க்கு மேல் இருந்ததாக சி.பி.ஐ. சொன்னது. கணினியில் அவற்றை ஏற்றுவதற்கும், மற்றவர் கண்ணில் படாமல் மறைத்து வைப்பதற்கும் ஏற்பாடு இருந்தது. அதாவது யாரோ சிலர் காலையில் டிபன் டப்பாவோடு வந்து உட்கார்ந்து, இல்லாத வேலைக்கு பில் போட்டிருக்கிறார்கள். நல்ல பசங்களாகவும் இருந்திருக்கலாம். வீட்டுக் கடன் இருந்திருக்கும். 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ராஜு, அவருடைய இரண்டு சகோதரர்கள், இரண்டு முன்னாள் தணிக்கையாளர்கள், அவர்களோடு நிறுவன ஊழியர்களும். மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இது எப்படித் தொடங்கியது? ராஜுவின் கடிதமே சொல்கிறது. உண்மையான லாபத்துக்கும் ஏட்டில் காட்டிய லாபத்துக்கும் நடுவில் முதலில் சின்ன இடைவெளிதான் இருந்தது; வருடா வருடம் வளர்ந்து, கடைசியில் புலிமேல் ஏறியவன் இறங்க முடியாத நிலைக்கு வந்துவிட்டது. ‘இந்த ஒரு குவார்ட்டர் மட்டும்’ என்று யாரோ ஒருவர் ஒருநாள் சொல்லியிருக்க வேண்டும். வணிகர்கள் சிரிக்கிறீர்கள். மார்ச் 31 ராத்திரி பில் போட்டு, ஏப்ரல் 5-ஆம் தேதி சரக்குத் திரும்பி வந்ததாக கிரெடிட் நோட் போடுகிற வழக்கம் இந்த ஊரில் யாருக்கும் தெரியாது, அப்படித்தானே?

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. அரசு பழைய இயக்குநர் குழுவைக் கலைத்துவிட்டு ஆறு பேரை நியமித்தது. அவர்களில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த தணிக்கையாளர் டி.என். மனோகரன், பட்டயக் கணக்கர் கழகத்தின் தலைவராக இருந்தவர். பொய்க் கணக்கில் துளியும் பங்கில்லாத பல்லாயிரம் இளைஞர்களின் மாதச் சம்பளம் அந்தக் குழுவின் முன் நின்றது. ஏப்ரலுக்குள் டெக் மஹிந்திராவின் கையில் நிறுவனத்தை ஒப்படைத்தார்கள். மனோகரனுக்கு 2010-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சில தணிக்கையாளர்கள் பார்க்காமல் விட்டதால் கவிழ்ந்ததை, இன்னொரு தணிக்கையாளரும் சேர்ந்து நிமிர்த்த வேண்டியிருந்தது.

கையெழுத்துப் போட்டவர்களைப் பற்றியே பேசிவிட்டேன். போடாதவர்கள் இருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

1960 செப்டம்பர், வாஷிங்டன். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் டாக்டர் பிரான்சிஸ் கெல்சி வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம். புது ஆள் என்பதால் சுலபமான கோப்பாகக் கொடுத்தார்கள். ஒரு தூக்க மருந்து, தாலிடோமைடு. ஜெர்மனியில் மூன்று வருடமாக விற்றுக்கொண்டிருந்தது. பல நாடுகளில் கர்ப்பிணிகளே வாந்திக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைய சட்டப்படி 60 நாட்களுக்குள் அதிகாரி மறுப்புச் சொல்லாவிட்டால் மருந்து தானாகவே கடைக்குப் போய்விடும். அவர் செய்ததில் வீரசாகசம் ஒன்றும் இல்லை. கோப்பைப் படித்தார். தகவல் போதாது என்று திருப்பி அனுப்பினார். மறுபடி வந்தது, மறுபடி படித்தார், மறுபடி போதாது. நிறுவனத்தார் ஐம்பது தடவை போல வந்தும் தொலைபேசியிலும் நச்சரித்தார்கள், மேலதிகாரிகளிடம் புகார் சொன்னார்கள். நடுவில் இங்கிலாந்து மருத்துவ இதழ் ஒன்றில், இதைச் சாப்பிட்டவர்களுக்குக் கைகால் மரத்துப்போகிறது என்று ஒரு வாசகர் கடிதம் வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு, அப்படியானால் வயிற்றிலிருக்கும் பிள்ளையை இது என்ன செய்யும் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நிறுவனத்திடம் பதில் இல்லை.

1961 நவம்பரில் ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்திருந்தார்கள். அமெரிக்காவில் அந்த எண்ணிக்கை இருபதைக்கூடத் தொடவில்லை. அவற்றிலும் பல, பரிசோதனை என்ற பெயரில் மருத்துவர்களிடம் நிறுவனம் கொடுத்துவைத்த மாத்திரைகளால் வந்தவை. 1962-இல் ஜனாதிபதி கென்னடி கெல்சிக்கு விருது அளித்தார். ஃபைலை நகர்த்தவே மாட்டேன் என்கிறார்கள் என்று அரசு அலுவலர்களைத் திட்டும் நாம், இப்படியும் ஒரு ஃபைல் நகராமல் நின்றதை நினைவில் வைக்கலாம். லஞ்சத்துக்காக நிறுத்திவைப்பது வேறு, படித்துவிட்டு நிறுத்திவைப்பது வேறு.

எல்லாக் கதையும் இப்படி முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். 1986 ஜனவரி 27 இரவு, அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் மறுநாள் காலை கிளம்ப வேண்டும். கடுங்குளிர். ராக்கெட்டின் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துப்போகும் என்று அதைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்களே எதிர்த்தார்கள். ஃபுளோரிடாவில் இருந்த அந்த நிறுவனத்தின் பிரதிநிதி ஆலன் மெக்டொனால்ட் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அந்தத் தாள் யூட்டாவில் இருந்த அவருடைய மேலதிகாரியின் கையெழுத்தோடு ஃபேக்ஸில் வந்து சேர்ந்தது. மறுநாள் 73 நொடிகளில் விண்கலம் சிதறியது. ஒரு பள்ளி ஆசிரியை உட்பட ஏழு பேர் மாண்டார்கள். நடந்ததை விசாரணைக் குழுவில் சொன்னதற்காக மெக்டொனால்டின் பதவியைக் குறைத்தார்கள். நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அவருக்குப் பொறுப்பு திரும்பக் கிடைத்தது; வளையங்களைத் திருத்தி அமைக்கும் பணிக்கு அவரே தலைமை வகித்தார்.

இதை ஏன் சொல்கிறேன்? ‘நேர்மையாக இரு, நல்லதே நடக்கும்’ என்று இங்கே இருக்கும் பிள்ளைகளிடம் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. நீங்கள் மறுத்தாலும் பக்கத்து மேசைக்காரர் போட்டுவிடலாம். உங்கள் இன்க்ரிமென்ட் போகலாம். இருபத்திரண்டு வயதில், வீட்டில் கல்விக் கடன் இருக்கும்போது மறுப்பது சாதாரண விஷயம் இல்லை. அதனால் என் கோபம் உங்கள் மேல் இல்லை, உங்களுக்குத் தாளை நீட்டப்போகிறவர்கள் மேல்தான். அவர்களில் சிலர் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் உங்கள் கணக்குப் பிள்ளை, “ஐயா, இதை ஒரு தடவை சரிபார்த்துக்கிறேன்” என்றால் உங்கள் முகம் எப்படிப் போகிறது என்று இன்றைக்குக் கண்ணாடியில் பாருங்கள். “என்னையே நம்பலையா?” என்று கேட்கிற முதலாளியிடம் எவனும் எண்ணிப் பார்க்க மாட்டான்.

சத்யம் விவகாரத்துக்குப் பிறகு 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் வந்தது. பட்டியலிட்ட நிறுவனங்கள் தணிக்கை நிறுவனத்தைக் குறிப்பிட்ட வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பெரிய மோசடி தெரிந்தால் தணிக்கையாளர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், பட்டியலிட்ட நிறுவனத்தில் ஊழியர் புகார் சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும். நல்ல விதிகள். எங்கள் கிளையில் இரட்டைச் சாவியும் நல்ல விதிதான்.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பணம் கொடுக்கிறவர், “எண்ணிப் பாத்துக்குங்க” என்பார். வாங்குகிறவர், “அட, உங்க கிட்டயா?” என்று மடியில் செருகிக்கொள்வார். கொடுக்கிறவர் சொல்வதுதான் சரி. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்லிவைத்தவர்கள் தாயைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. எண்ணுவது அவமானமாகிவிட்டால், எண்ணச் சொல்லிக் கெஞ்சுகிறவருக்கு என்ன கதி என்பதை நான் ஒரு பெட்டகத்தின் முன்னால் நின்று பார்த்திருக்கிறேன்.

அந்த ஹெட் கேஷியரிடம் வந்து முடித்துக்கொள்கிறேன். மெமோ வந்த மறுநாள் சாயந்தரம் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் பெட்டக அறைக்குப் போனேன். கட்டுகளை அடுக்கிவைத்துவிட்டு, அதே சுருதியில், “சார், எண்ணிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க” என்றார். எண்ணினேன். ஆறு பத்து போய்விட்டது. ஏழே முக்காலுக்கு ஒரு பஸ் இருந்தது, அதில் உட்கார இடமும் கிடைத்தது.

நாலைந்து வருடம் கழித்து அவர் ஓய்வு பெற்றார். நான் வேறு கிளையில் இருந்தேன், விழாவுக்குப் போயிருந்தேன். ஊழியர்கள் சேர்ந்து வசூலித்த தொகையை ஓர் உறையில் போட்டு என்னைக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் உறையைப் பிரித்து, மேடையிலேயே உட்கார்ந்து, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு நோட்டாக எண்ணினார். பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. எண்ணி முடித்ததும் கட்டை என் கையில் கொடுத்தார்.

“நீங்களும் ஒரு தடவை எண்ணிடுங்க சார்.”

அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் எண்ணினேன். சரியாக இருந்தது.